சுக்கானியார் வீட்டுக் கதை

எங்கள் குடும்பப் பெயரின் கதையை நான் ஒருமுறை எழுதி அச்சிட்டிருக்கிறேன். அப்பா இறந்த முப்பத்தோராம் நாளுக்குப் போட்ட நினைவு மலரில் இரண்டு பக்கம். அதில் இரண்டு சொற்கள் பொய். தெரியாமல் விழுந்த அச்சுப் பிழையல்ல, தெரிந்தே நான் போட்டவை. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய மனிதர் இப்போது உயிரோடு இல்லை.

எங்கள் பக்கத்தில் தகப்பனின் பெயர்தான் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும். தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் பெயர் அநேகமாக யாருக்கும் இல்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒன்று இருந்தது. ‘சுக்கானியார்’. அப்பாவுக்கும் அவருடைய தகப்பனுக்கும் அதற்கு முந்தியவர்களுக்கும் பெயரின் பின்னால் அது ஒட்டிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது என் பெயர் வந்தால் பின்வரிசை வாங்கில் யாராவது சிரிப்பார்கள். சுக்கான் என்றால் கப்பலைத் திருப்புவது, சுக்கானி என்றால் அதைப் பிடிப்பவர். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் அப்பா சொல்வார். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், தேத்தண்ணி வருவதற்கு முன்னால் அந்தக் கதை வந்துவிடும்.

சோழ தேசத்திலிருந்து கோணேசர் கோயிலுக்குக் கல்தூண்களை ஏற்றிக்கொண்டு ஏழு கப்பல்கள் புறப்பட்டனவாம். துறைமுக வாசலை அண்டும்போது புயல். ஆறு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் மூழ்கிப் போயின. ஏழாவது கப்பலின் சுக்கான் எங்கள் மூதாதையின் கையில். மழையில் கண் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மலையடிவாரத்தில் அலை மோதுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக் கேட்டுக் கப்பலை உள்ளே கொண்டுவந்து விட்டார். கரையில் நின்ற அரசன் அவரைக் கட்டிப்பிடித்து, இன்று முதல் நீயும் உன் சந்ததியும் சுக்கானியார் என்று பட்டம் கொடுத்தான். இதுதான் கதை. அப்பாவுக்கு உற்சாகம் கூடிய நாட்களில் கப்பல்கள் ஒன்பதாகும். “போன கிழமை ஏழுதானே வந்தது?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பா. அப்பா சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அப்பாவும் சுக்கான் பிடித்தவர்தான். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஓடிய லோஞ்சில், அதுதான் பயணிகள் படகில், அவருக்கு வேலை. இப்போது பாலங்கள் வந்து பஸ்ஸில் போய்வருகிறார்கள். அப்போது குடாவைக் கடந்து மூதூர் போவதற்கு லோஞ்சுதான் சுலபம். காலையில் போனால் பின்னேரம் வருவார். அங்கே இடையில் உள்ள நேரத்தில் என்ன செய்கிறார், எங்கே சாப்பிடுகிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. சண்டைக் காலம் வந்து லோஞ்சு ஓடுவதும் நிற்பதுமாக ஆன பிறகு அவர் அந்த வேலையை விட்டார். அதன் பிறகு மூதூர் என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் கலியாணம் செய்யவில்லை. காணி உறுதி என்கிற நிலப் பத்திரங்களைப் பதிகிற அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக வேலை செய்து, கடைசிவரை அப்பாவோடு அதே வீட்டில் இருந்தேன். அண்ணா கனடாவில். அம்மா முந்தியே காலமாகிவிட்டா. எண்பது தாண்டியபின் ஒரு காலைநேரம் அப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கதிரையிலேயே போய்ச் சேர்ந்தார். அண்ணா வந்து கொள்ளி வைத்தார். எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்தது. சனம் குறைந்துவிட்டது. அன்று பின்னேரம், வேலியோரம் குவித்திருந்த மாலைகளை ஊருக்குள் திரியும் மான்கள் வந்து இழுக்க, நான் கூட்டுகிற தும்புத்தடியோடு அவற்றைத் துரத்திக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் அவர் வந்தார்.

அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, தொப்பி. கையில் ஒரு பையில் வாழைப்பழம். படலைக்கு வெளியே நின்றே பேசினார்.

“தங்கச்சி, நான் மூதூர். பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச ஆள், இப்ப பென்சன். பெரிய வாப்பா மௌத்தான செய்தி முந்தநாள்தான் காதில விழுந்த. கடைசியா ஒருக்கா முகம் பாக்கக் கிடைக்கல்ல.”

அவருடைய வாயில் ‘பெரிய வாப்பா’ என்பது என் அப்பா என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். அண்ணா அந்த நேரம் கடைக்குப் போயிருந்தார். அப்பாவை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“தெரியுமாவா? எங்கட வீட்டில அவருக்கெண்டு ஒரு கதிரை இருந்த. லோஞ்சு மூதூர்ல நிக்கிற நேரமெல்லாம் எங்கட வீட்டிலதான். நான் சின்னதில அவர்ர மடியில இருந்து மீன் முள்ளு எடுத்துச் சாப்பிட்ட ஆள். எங்கட வாப்பாவும் அவரும் அண்ணன் தம்பி முறை எண்டுதான் பழகின. நாங்களும் சுக்கானி வீடுதான், தங்கச்சி. உங்களுக்குச் சொல்லலியா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டவில்லை. காலம் அப்படி இருந்தது, சொல்லாமல் விட்டிருப்பார் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு தங்கள் வீட்டில் சொல்லப்படும் கதையைச் சொன்னார்.

அந்தக் கதையில் அரசன் இல்லை, கல்தூணும் இல்லை. நாகபட்டினத்துப் பக்கமிருந்து புளியும் கருவாடும் ஏற்றிவந்த ஒரு தோணி. அதில் அண்ணன் தம்பி இரண்டு பேர். புயல் என்னவோ வந்தது. தோணி துறைமுகத்துக்குள் வரவில்லை, மூதூர்க் கரையில் மோதி உடைந்தது. தம்பிக்குக் கடும் காய்ச்சல். கரையிலிருந்த ஒரு முஸ்லிம் வீட்டார் அவரைத் தூக்கிப்போய்ப் பார்த்தார்கள். அவர் தேறி எழும்பி, அந்த வீட்டிலேயே பெண் எடுத்து, அவர்கள் மார்க்கத்திலேயே சேர்ந்து இருந்துவிட்டார். அண்ணன் திருகோணமலைக்கு வந்து குடியேறினார்.

“ஆனா ஒண்டு,” என்று அவர் சிரித்தார். “எங்கட கதையில சுக்கான் பிடிச்சது தம்பி. அண்ணன் தோணிக்குள்ள நிண்டு தண்ணி இறைச்ச ஆள். இதச் சொன்னா பெரிய வாப்பா கண்ணில தண்ணி வாற மட்டும் சிரிப்பார். ‘டேய், ஊரில போய்ச் சொல்லிப்போடாதேங்கோடா, என்ர மானம் போயிடும்’ எண்டுவார்.”

அது அப்பாவின் சிரிப்பேதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பவர் அவர். என் வீட்டிலேயே இருந்துகொண்டு, எனக்குத் தெரியாத ஒரு அப்பாவை இந்த மனிதர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சுக்கான் எண்டதே அரபுச் சொல்லுதான், தங்கச்சி. நாங்க ஓதுற பாஷையில உள்ளது,” என்றார்.

“இல்லை, அது தமிழ்ச் சொல்,” என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

அவர் வாதாடவில்லை. “இருக்கலாம், எல்லாம் கடலில வந்த சொல்லுதானே,” என்று விட்டுவிட்டார். பிற்பாடு அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

எழும்பும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். “மலர் ஒண்டு போடுவீங்களாக்கும். அதில குடும்பக் கதை எழுதுற நேரம், அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்த, ஒருத்தர் மூதூரில தங்கிட்டார் எண்டு ஒரேயொரு வரி. எங்கட ஆக்கள்ர பேர் ஒண்டும் வேணாம். அந்த ஒரு வரி போதும்.”

“பாக்கிறன்,” என்றேன்.

அவர் போன பின்பு அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். லோஞ்சு ஓட்டுகிற அனுமதிப் பத்திரம், அம்மாவின் அடையாள அட்டை, அண்ணாவின் பழைய கடிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த பழைய உறுதி ஒன்று. கந்தோரில் அப்படிப்பட்ட கடதாசிகளோடுதான் என் காலம் போனது. மை மங்கியிருந்தாலும் எனக்கு வாசிக்கக் கஷ்டமில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவர் எழுதியது. மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் கரையில் உள்ள ஒரு துண்டு நிலத்தை, ஒரு தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பேர் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். மூத்தவருக்கு எங்கள் மூதாதையின் சைவப் பெயர், பின்னால் ஒன்றுமில்லை. இளையவருக்கு முஸ்லிம் பெயர், அதற்குப் பின்னால் சுக்கானி. அதோடு தைத்திருந்த இன்னொரு கடதாசி பல வருடம் பிந்தியது. அதில் மூத்தவரின் மகன் கையெழுத்து வைக்கிறார். அங்கேதான் முதல்முறையாக எங்கள் பக்கத்துப் பெயரோடு சுக்கானி ஒட்டிக்கொள்கிறது.

சுக்கான் பிடித்தவரின் பட்டத்தைத் தண்ணீர் இறைத்தவரின் மகன் எடுத்துக்கொண்டிருக்கிறார். சிற்றப்பாவின் மேல் இருந்த பாசத்தினாலா, அந்தப் பெயருக்கு ஊரில் இருந்த மதிப்பினாலா, தெரியாது. அப்பா இதை வாசித்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. மடிப்புக் கிழிந்த இடத்தில் அவர் புதிதாக ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்.

அண்ணாவிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். அவருக்குக் கோபம் வருமென்று எதிர்பார்த்தேன். சண்டைக் காலத்தில் குடாவுக்கு அந்தப் பக்கம் எங்களுடைய தமிழ் ஆட்களும் செத்தார்கள், அவர்களுடைய முஸ்லிம் ஆட்களும் செத்தார்கள். அண்ணாவோடு ஒன்றாகப் படித்த ஒருவரும் அதில் செத்தவர். அதன் பிறகுதான் அண்ணா நாட்டை விட்டுப் போனார். ஆனால் அவர் கடதாசியை மெதுவாக மடித்து என்னிடமே தந்தார்.

“எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்லை. அங்கயிருக்கிற என்ர பிள்ளையளுக்கு இது எல்லாம் ஒரு கதைதான். நீதான் இஞ்ச இருக்கிற ஆள், நீதான் எழுதுறாய். உனக்குச் சரியெண்டு பட்டதைப் போடு.”

இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். ஏனென்றால் பிற்பாடு பல வருடம், அண்ணாதான் வேண்டாம் என்றார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் சரியாகத்தான் எழுதினேன். இரண்டு சகோதரர்கள் வந்தார்கள், இளையவர் மூதூரில் தங்கிவிட்டார் என்று மூதூர் மனிதர் கேட்ட வரியை அப்பாவின் கதைக்குள் அப்படியே போட்டு அச்சகத்தில் கொடுத்தேன். யார் சுக்கான் பிடித்தது என்பதை மட்டும் தொடாமல் விட்டேன். அச்சுக்கு முன் ஒப்புநோக்கப் போன அன்று, தட்டெழுதும் பெண் பிள்ளை கணினித் திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அப்பாவின் படத்துக்குக் கீழே, கட்டம் போட்டு, அழகான எழுத்தில் அந்தக் கதை. வாசித்துக்கொண்டு வந்தேன். ஏழு கப்பல், புயல், அலைச் சத்தம். அந்த வரியில் வந்து கண் நின்றது. இதை எங்கள் தெரு முழுக்க வாசிக்கும். கோயில் ஆட்கள் வாசிப்பார்கள். கந்தோர்ச் சினேகிதிகள் வாசிப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்கு மேலே, அந்த மனிதர் சிரித்தபடி சொன்னது காதில் கேட்டது. தண்ணி இறைச்ச ஆள்.

“இந்த வரியை எடுத்துவிடுங்கோ,” என்றேன்.

அவள் அழித்தாள். “மிஸ், மேல ‘இரண்டு சகோதரர்களில் மூத்தவரான எமது மூதாதை’ எண்டு இருக்கே. அதை என்ன செய்யிறது?”

யோசிக்கக்கூட இல்லை. “‘ஒரே மகனான’ எண்டு மாத்துங்கோ,” என்றேன்.

அவள் மாற்றினாள். வரி சரியாகப் பொருந்தியது. பார்ப்பதற்கு முந்தியதைவிட ஒழுங்காகவும் இருந்தது. கந்தோரில் ஒரு உறுதியில் ஒரு சொல் பிழைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பெயரில் ஒரு எழுத்து மாறியதற்காகக் கந்தளாயிலிருந்தும் கிளிவெட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, என் மேசைக்கு முன்னால் கண்ணீரோடு நின்றவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எழுத்து எழுத்துத்தான், என்னால் மாற்ற ஏலாது என்று சொன்ன அதே ஆள் நான்.

முப்பத்தோராம் நாள் மூதூர் வாத்தியார் வந்தார். நான் அழைக்கவில்லை, திகதியை எங்கேயோ கேட்டறிந்து வந்திருக்கிறார். பந்தலின் பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மலரை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு போன என் ஒன்றுவிட்ட தங்கை அவருக்கும் ஒன்று கொடுத்தாள். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். தேவாரம் அச்சிட்ட பக்கத்தைக்கூட விடவில்லை. எங்கள் கதை உள்ள பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். ஒருமுறை பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடியும் பின்னால் வந்தார். ஏதாவது தவறவிட்டுவிட்டோமோ என்று தேடுபவர் செய்வதுபோல.

போகும்போது என்னிடம் வந்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

“நல்லா எழுதியிருக்கிறீங்க, தங்கச்சி. பெரிய வாப்பா சொல்றமாதிரியே இருக்கு,” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “இன்னொண்டு கிடைக்குமா? மகளுக்குக் குடுக்க.”

உள்ளே போய் ஒன்று எடுத்துவந்து கொடுத்தேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவரை நான் கண்டது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு நான் அதை மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். மூதூர் பஸ் நிற்கிற இடத்தைக் கடக்கும்போது பார்வையை வேறு பக்கம் திருப்புவேன். ஒரு நாள் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பென்சன் எடுத்த பிறகு போகலாம் என்று வைத்தேன். பென்சன் எடுத்தேன். மழை விடட்டும் என்று வைத்தேன். மழையும் விட்டது. போவதற்கு அரை நாள் போதும், வருடங்கள் போனதுதான் மிச்சம்.

இதற்கிடையில் அண்ணாவின் மகன் கனடாவில் குடும்பத்துக்கென்று ஒரு இணையத்தளம் தொடங்கி, என் இரண்டு பக்கத்தையும் ஆங்கிலத்தில் மாற்றி அதில் போட்டுவிட்டான். எங்களுக்குத் தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்துத் தங்கள் பெயரின் வேரும் அதுதான் என்று எழுதினார்களாம். கதையில் ஒரு சந்தேகம் இருக்கிறது என்று அவனுக்கு ஒருமுறை சொல்லத் தொடங்கினேன். “நீங்க எழுதினதுதானே மாமி, அதுதான் ஆதாரம்,” என்றான். நான் அங்கத்தைய குளிரைப் பற்றிக் கேட்டேன்.

கடைசியில் என்னை எழுப்பியது அவனுடைய மகள். பத்து வயது. பள்ளிக்கூடத்தில் தங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொன்னார்களாம். வீடியோ அழைப்பில் வந்து, உடைந்த தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கப்பல் எவ்வளவு பெரியது? புயலுக்குப் பெயர் இருந்ததா? பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

“அவருக்கு சிஸ்டர், பிரதர் ஒருத்தரும் இல்லையா? தனியா வந்தவரா? பயம் இல்லையா?”

“இல்லையம்மா, தனியாத்தான் வந்தவர்,” என்றேன்.

அவள் குனிந்து எழுதினாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. முதல் தரம் பொய்யைக் கடதாசியில் எழுதினேன். இப்போது ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அழைப்பு முடிந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூதூருக்குப் போனேன். பழைய உறுதியை ஒரு கோப்பில் வைத்து மடியில் பிடித்திருந்தேன். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது, அப்பா கடலால் போய்வந்த ஊருக்கு நான் முதன்முதலாகத் தரையால் போகிறேன் என்று தோன்றியது.

பஸ் நிலையத்தில் இறங்கி, சுக்கானி வீடு எங்கே என்று ஒரு தேத்தண்ணிக் கடையில் கேட்டேன். அந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டாவது ஒழுங்கை என்று கைகாட்டினார்கள்.

கதவைத் திறந்தவர் அவருடைய மகள். நாற்பது வயதுக்குக் கிட்ட, தலையில் முக்காடு. நான் திருகோணமலையிலிருந்து வருகிறேன், வாத்தியாரைப் பார்க்கவேண்டும் என்றேன்.

“வாப்பா மௌத்தாகி ரெண்டு வருஷமாச்சே,” என்றா.

அவ என்னை உள்ளே கூட்டிப்போய் இருத்தினா. யார் எனக்கு அறிவிப்பார்கள்? அவருடைய மரணத்தைச் சொல்லி அனுப்ப எங்கள் வீட்டுக்கு என்ன உறவு இருந்தது? அப்படி ஒன்றும் இல்லை என்று அச்சடித்துக் கொடுத்தவள் நானல்லவா.

அந்த நேரம் மகளின் தம்பி உள்ளே வந்தார். வாட்டசாட்டமான ஆள், வயல் செய்யும் கமக்காரர். என் கையிலிருந்த கோப்பைத்தான் முதலில் பார்த்தார். பழைய உறுதியை விரித்ததும் அவருடைய முகம் இறுகியது.

“காணி விஷயமா? அந்தப் பக்கம் எல்லாம் இப்ப எங்கட பேர்லதான் இருக்கு,” என்றார்.

“இல்லைத் தம்பி, எனக்குக் காணி ஒண்டும் வேண்டாம். இதை உங்களிட்டத் தரத்தான் வந்தனான்.”

“அப்ப எதுக்கு?”

அவர் கேட்டதில் பிழையில்லை. திருகோணமலையிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் பழைய உறுதியோடு வந்து நின்றால், காணியைத் தவிர வேறென்ன இருக்கும்? நான் உறுதியை அவருடைய பக்கம் தள்ளிவைத்தேன். அவர் கைத்தொலைபேசியில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தார், சட்டத்தரணியிடம் காட்டுவாராக்கும். பிறகு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

நானும் மகளும் மட்டும் இருந்தோம். அவ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. நான் யார் என்று அப்போதுதான் விளக்கமாகச் சொன்னேன். அவவின் முகம் மலர்ந்தது.

“நீங்களா அந்தப் புத்தகம் எழுதின? வாப்பா கொண்டுவந்து எங்க எல்லாரையும் இருத்தி வாசிச்சிக் காட்டின. ‘எங்கட கதை எங்க, வாப்பா?’ எண்டு நான் கேட்ட. ‘அச்சில இடம் போதாமப் போயிருக்கும் மகள், அந்தத் தங்கச்சி நல்ல பிள்ள, போட மறக்கிற ஆளில்ல’ எண்டார்.”

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

“இடம் போதாமல் போகேல்லை, பிள்ளை. முதல்ல எழுதியிருந்தனான். பிறகு நான்தான் எடுக்கச் சொன்னனான். உங்கட வாப்பா கேட்டது ஒரேயொரு வரி. அதைக்கூட நான் குடுக்கேல்லை.”

முற்றத்தில் கோழி ஒன்று குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. அவ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பரவாயில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில், “வாப்பாக்கு அது தெரிஞ்சிருக்கும்,” என்று மெதுவாகச் சொன்னா. பிறகு, “தேத்தண்ணி ஆறுது, குடிங்க,” என்றா.

குடித்தேன். தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னா, மூத்தவள் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போக இருக்கிறாளாம். என் அப்பாவைப் பற்றியும் இரண்டொன்று சொன்னா. சின்ன வயதில் கண்ட நினைவு கொஞ்சமாக இருக்கிறதாம். அவர் வந்தால் வீட்டில் எல்லாரும் ஒரே சிரிப்பு என்றா. அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது என்று நான் நினைத்திருந்தேன். உறுதியை அங்கேயே விட்டுவிட்டு எழும்பினேன்.

கனடாவுக்கு எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும், என் பெயரோடு. அண்ணா தொலைபேசியில், சரி, மாத்தச் சொல்லுறன் என்றார். மகனுக்கு வேலை அதிகம் என்கிறார். எழுதி ஒரு வருடம் ஆகிறது, இன்னும் மாறவில்லை. அந்தச் சின்னப் பிள்ளையோடு பேசினேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரையைக் கொடுத்து நல்ல புள்ளியும் வாங்கிவிட்டாளாம். “அப்ப நான் எழுதினது பிழையா?” என்று கேட்டாள். நீ எழுதினது பிழையில்லை, நான் சொன்னதுதான் பிழை என்றேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

அன்று மூதூரில், பஸ் நிலையம்வரை மகள் என்னோடு கூட நடந்து வந்தா. தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்தா, என்னுடையதைக் கேட்டு வாங்கினா. அதைப் பதிந்துகொண்டிருக்கும்போது நிமிர்ந்து கேட்டா.

“உங்கள என்னெண்டு கூப்பிடுற?”

அவவின் வாப்பா என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். அப்படியென்றால் நான் அவவுக்கு மாமி முறை. அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த முறையைக் கேட்டு எடுக்க எனக்கு என்ன உரிமை இருந்தது? அவவே அதைச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

“உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லிக் கூப்பிடுங்கோ.”

அவ சற்று யோசித்தா. “எழுதுற ஆள்தானே நீங்க. டீச்சர் எண்டு போடவா?”

ஓம் என்றேன். நான் ஒரு நாள்கூடப் படிப்பித்ததில்லை. பஸ் வந்தது, ஏறினேன். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அவ தவறாமல் அழைக்கிறா. பொங்கலுக்கு நான் அழைக்கிறேன். சுகம் விசாரிக்கிறோம், மழையைப் பற்றியும் வேளாண்மையைப் பற்றியும் கதைக்கிறோம். ஒவ்வொரு முறையும் ‘டீச்சர்’ என்றுதான் தொடங்குகிறா. நானும் இதுவரை அதைத் திருத்தவில்லை.